சுங்கை சிப்புட்டின் இரண்டு தலைவர்கள்: எதை வைத்து எடை போடுவது?

சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஓர் ஒட்டுக்கடை. காலை எட்டு மணி. மேசையில் மூன்று பேர்: பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், ஈப்போவில் வேலை செய்யும் அவருடைய பேரன், நான். பேரன் கைப்பேசியில் புலனக் குழுவுக்கு வந்த செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினான். முன்னாள் தலைவர் ஒருவரைத் தெய்வமாக்கி யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேயே இன்னொருவர் அதே தலைவரைத் திருடர் என்று எழுதியிருந்தார்.

"எல்லாம் ஒன்னுதான் லா தாத்தா. வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க" என்றான் பேரன்.

பெரியவருக்குக் கோபம். "உனக்கு என்னா தெரியும் தம்பி? சம்பந்தன் ஐயா எங்க லயத்துக்கு வந்து நின்னு பேசினாரு. பத்து வெள்ளி கட்டுங்கன்னாரு. கட்டினோம்."

"சரி, சாமிவேலு?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அது வேற கதை" என்றார்.

அந்த வேறு கதையையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. இந்த ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1959 முதல் 2008 வரை 49 ஆண்டுகள் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை இரண்டே பேர்தான் வைத்திருந்தார்கள். 1974 வரை துன் வீ.தி. சம்பந்தன், அதன் பிறகு துன் ச. சாமிவேலு. இருவரும் ம.இ.கா.வின் தேசியத் தலைவர்கள், இருவரும் அமைச்சர்கள். ஒரே தொகுதி, ஒரே கட்சி, ஒரே வகைப் பதவி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் நாட்டில் வேறு இல்லை. அடுத்த பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடப் போகும் பிள்ளைகளில் பலருக்கு இந்த இருவரும் வெறும் சாலைப் பெயரும் புலனச் செய்தியும்தான்.

முதலில் தகுதி என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். காப்பிக்கடையில் அதிகம் அடிபடுவது இதுதான்: "அவருக்கு என்ன படிப்பு? என்ன தகுதி?" நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் படிப்பே கேட்பதில்லை. குடிமகனாக இருக்க வேண்டும், நாட்டில் வசிக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். முன்பு 21 ஆக இருந்த வயது, ஓட்டுப் போடும் வயதோடு சேர்த்து 2019-இல் செய்த திருத்தத்தால் குறைந்தது. தகுதி இழப்பவர்கள் யார் என்பதையும் சட்டம் சொல்கிறது. திவால் ஆனவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், தேர்தல் செலவுக் கணக்கைக் காட்டாதவர், வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாகப் பெற்றவர் ஆகியோர் போட்டியிட முடியாது. ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று மன்னிப்புப் பெறாதவருக்கும் இடமில்லை. அவ்வளவுதான். மீதியை வாக்காளரிடம் விட்டுவிட்டது சட்டம்.

அமெரிக்காவிலும் கதை இதேதான். அதிபராக வேண்டுமானால் பிறப்பால் குடிமகனாக, 35 வயதுக்குக் குறையாதவராக, 14 ஆண்டு அந்நாட்டில் வசித்தவராக இருந்தால் போதும். அங்கே ஜேம்ஸ் புகேனன் என்று ஓர் அதிபர் இருந்தார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினர், வெளியுறவு அமைச்சர், ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதர் என்று எல்லாப் பதவியையும் பார்த்துவிட்டு 1857-இல் அதிபரானார். காகிதத்தில் அவரைப் போல் தகுதி உள்ளவரைக் காண்பது அரிது. ஆனால் நாடு பிளவுபட்டுப் போனதைத் தடுக்காமல் நின்றார் என்பதால், வரலாற்றாசிரியர்கள் போடும் பட்டியல்களில் கடைசி இடங்களில்தான் அவர் பெயர் இருக்கும். அவருக்கு அடுத்து வந்தவர் பள்ளிக்கூடம் போன காலம் மொத்தமாகச் சேர்த்தாலும் ஓராண்டு தேறாது. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு தவணை இருந்தவர். அவர்தான் ஆபிரகாம் லிங்கன்.

நம் இருவர் கதையிலும் இப்படி ஒரு முரண் உண்டு. சம்பந்தன் தோட்ட முதலாளியின் மகன். 1919 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார், பிறகு தமிழ்நாட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். (1948-இல் அவருடைய 29-ஆவது பிறந்தநாளன்றுதான் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தது. இந்த ஊர்ப் பெரியவர்கள் அந்த நாளை மறப்பதில்லை.) சாமிவேலு குளுவாங்கைச் சேர்ந்த பால்மரத் தொழிலாளியின் மகன். சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்து, சொந்த முயற்சியில் இங்கிலாந்து வரை போய்க் கட்டடக் கலைஞரானவர். வறுமையை உள்ளிருந்து அறிந்தவர் யார் என்று கேட்டால் சாமிவேலுதான். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு நிலத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தவர் முதலாளியின் மகன். பிறப்பை வைத்து ஆளை எடை போடுவது எவ்வளவு தூரம் சரிவரும் என்பதற்கு இது போதும்.

இருவர் காலத்திலும் தோட்டத்து மக்களுக்கு வந்த பெரிய ஆபத்து ஒன்றுதான்: தோட்டம் விற்கப்படுவது. அந்த ஆபத்து இரண்டு முறை வந்தது. இருவரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எடை போடுவது எளிதாகும் என்பது என் கருத்து.

முதல் முறை வந்ததைத் துண்டாடல் என்று சொல்வோம். 1950-களில் நாடு சுதந்திரம் பெறப் போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பெரும்பாலும் வியாபாரக் கூட்டுகள். முழுத் தோட்டத்தை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, பலருக்கு விற்று லாபம் பார்த்தார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் லயத்து வீடு, மருந்தகம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் இருக்கும். இருபது ஏக்கர் துண்டில் என்ன இருக்கும்? சிறு முதலாளி குத்தகைக்காரரை வைத்து வேலை வாங்கினார். கூலி குறைந்தது. தொழிற்சங்கம் பேசிப் பெற்ற உரிமைகள் அந்தத் துண்டுகளுக்குள் நுழைய முடியவில்லை. பலருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலைப் பதிவு செய்திருக்கிறது.

சம்பந்தன் அப்போது அமைச்சர். 1955 முதல் ம.இ.கா. தலைவர். சட்டம் போட்டுத் துண்டாடலை நிறுத்த அவரால் முடியவில்லை. அந்த அளவு செல்வாக்கு கூட்டணி அரசில் ம.இ.கா.வுக்கு இருந்ததில்லை. அவர் வேறு வழி பிடித்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினால் என்ன? 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. பங்குத் தொகை 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி அன்றைக்குப் பால் வெட்டுபவருக்குச் சில நாள் கூலி, சின்னத் தொகை அல்ல. அமைச்சராக இருந்துகொண்டே அவரும் துணைவியார் உமா சம்பந்தனும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். ஒட்டுக்கடைப் பெரியவர் சொன்னது அந்தப் பயணங்களில் ஒன்றைத்தான்.

கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, சம்பந்தன் காலத்திலேயே 18 தோட்டங்கள், ஏறத்தாழ 85,000 உறுப்பினர்கள் என்ற நிலையை எட்டியது. சங்கம் இன்றும் இருக்கிறது. தோட்டங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் அவர் பெயரில் கட்டடம் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு அவர் குறையைச் சொல்லாமல் விட்டால் நானும் புலனச் செய்தி எழுதுபவர்தான். கூட்டுறவுத் தோட்டத்திலும் தொழிலாளி தொழிலாளியாகவே இருந்தார். பங்கு கையில் இருந்தது, பால்கத்தியும் கையில்தான் இருந்தது. 85,000 பேர் என்பது பெரிய எண்ணிக்கை, ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு முன்னால் சங்கம் வாங்கியது சிறு பகுதிதான். அதைவிடப் பெரிய குறை குடியுரிமை. சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு வழி இருந்தும் தோட்டத்தில் ஏராளமானோர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள். எழுத்தறிவு இல்லை, எடுத்துச் சொல்ல ஆள் போதவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 18 ஆண்டுகள் தலைமையில் இருந்த கட்சிக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. சம்பந்தன் மென்மையானவர், மேசையைத் தட்டிக் கேட்கத் தெரியாதவர் என்று அன்றே கட்சிக்குள் பேச்சு இருந்தது. கடைசியில் 1973-இல் கட்சிக்குள் வந்த நெருக்குதலால்தான் பதவி விலகினார். இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாலைக்கு அவர் பெயர். விலகிய நாளில் அவரைப் பாராட்டியவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1953-இல் பதவியை விட்டபோது அவரை ஆதரித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இப்போது வரலாற்றாசிரியர்கள் அவரை முதல் பத்துக்குள் வைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களைக் கேட்டு முன்னாள் அதிபர்களுக்கு மதிப்பெண் போடுகிறது. பத்து அளவுகோல்களில் ஒன்று, அவர் வாழ்ந்த காலச் சூழலில் அவர் எப்படிச் செயல்பட்டார் என்பது. நமக்கு வேண்டியதும் அந்த அளவுகோல்தான்.

இனி சாமிவேலு. 1974-இல் சுங்கை சிப்புட்டில் வென்றார், 1979-இல் கட்சித் தலைவரானார், 2010 வரை 31 ஆண்டுகள் தலைவர். பொதுப்பணி அமைச்சராக அவர் இருந்த காலத்தில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வேலை தொடங்கியது. கெடாவில் உள்ள ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவருடைய விடாப்பிடியால் எழுந்தது. அங்கே படித்து மருத்துவரான நம் பிள்ளைகளைக் கேட்டால் அவரைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பால்மரத் தொழிலாளியின் மகன் பல்கலைக்கழகம் எழுப்பியது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இரண்டாம் முறை தோட்டம் விற்கப்பட்டது அவர் காலத்தில். 1980-கள், 1990-களில் ரப்பர் செம்பனையாக மாறியது, செம்பனை வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. வாங்கியவர்களும் விற்றவர்களும் இப்போது பெரிய கம்பெனிகள். மூன்று தலைமுறை இருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கையில் கொஞ்சம் பணம், பட்டண ஓரத்தில் புறம்போக்குக் குடிசை. பேராக்கில் இதைப் பார்க்காத தோட்டத்துக் குடும்பம் குறைவு. அமைச்சரவையில் அமர்ந்திருந்த ஒரே இந்தியக் கட்சித் தலைவர் அவர்தான். வீடு கட்டிக் கொடுத்த பிறகே தோட்டத்தை விற்கலாம் என்று ஒரு பொது விதியை அவரால் கொண்டுவர முடிந்திருக்குமா? எளிதல்ல. நிலம் மாநில அரசின் கையில், கூட்டணியில் பத்துக்கு மேற்பட்ட கட்சிகள், மேலே மகாதீர். இந்தச் சூழலையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் 29 ஆண்டுகள் அமைச்சராக இருந்த ஒருவர் இந்தப் பிரச்சினையைத் தன் அரசியலின் நடுவில் வைத்தாரா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில்.

அவர் நடுவில் வைத்தது மைக்கா ஹோல்டிங்ஸ். 1982-இல் தொடங்கிய யோசனை கெட்டதல்ல. புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்தில் இந்தியர்களும் கம்பெனிப் பங்குகளில் கால் வைக்க வேண்டும் என்பது. ஏறத்தாழ 66,000 பேர் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். நகையை விற்றும் கடன் வாங்கியும் போட்ட தோட்டத்து மக்கள் அதில் உண்டு. நிறுவனம் தள்ளாடியது. 1990-இல் இந்தியர்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் மைக்காவுக்குக் கிடைத்தது பத்து லட்சம்தான், மீதி வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. பெரும் சர்ச்சை எழுந்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, சாமிவேலு மறுத்தார், அவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. ஆகவே திருடர் என்று எழுதுவதற்கு யாருக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் 2010-இல் ஒரு ரிங்கிட் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வெளியார் வந்தபோது, முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 28 ஆண்டு காத்திருந்தவர்கள். அந்தக் காசை நிரந்தர வைப்பில் போட்டிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து வெள்ளி கட்டியவர்களும் மைக்காவில் போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள், சில வீடுகளில் ஒரே ஆள். ஒன்று நிலத்தை வாங்கியது, உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். இன்னொன்று ஒரு தலைவரின் பெயரை நம்பி நின்றது. பெரியவர் பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடித்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2008 மார்ச் 8-இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்திய நவம்பரில் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி. 2004-இல் போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்ற ம.இ.கா. 2008-இல் மூன்றில்தான் வென்றது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு 1,821 ஓட்டுகளில் தோற்றார். வென்ற டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் நெஞ்சக நோய் மருத்துவர். அலைகள் என்ற அமைப்பின் மூலம் இந்த ஊர்த் தோட்டத்து மக்களோடு வீடு, நிலம் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர். 1999-இலும் 2004-இலும் இதே தொகுதியில் தோற்றவர். ஒரே நாளில் முளைத்த வேட்பாளர் அல்ல.

அவரைப் பற்றியும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பத்து ஆண்டுகள் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தார். 2011-இல் அவசரகாலச் சட்டத்தில் உள்ளே இருந்தார். தன் சொத்துக் கணக்கைத் தானே பகிரங்கமாகக் காட்டினார். இத்தனைக்கும் பிறகு 2018-இல் அதே சுங்கை சிப்புட் அவருக்கு வைப்புத்தொகையைக்கூடத் திருப்பித் தரவில்லை. நாடு முழுவதும் ஓர் அலை, அந்த அலையில் கட்சிச் சின்னம் பார்த்து ஓட்டு விழுந்தது. வாக்காளர் தீர்ப்பு எப்போதும் தகுதியின் தீர்ப்பாக இருப்பதில்லை. 1974 முதல் 2004 வரை சாமிவேலு எட்டு முறை வென்றதும் அதே காரணத்தால் அவருடைய சாதனைக்குச் சான்று ஆகிவிடாது.

பதவியில் செய்ததையும் பதவிக்குப் பின் செய்ததையும் குழப்பிக்கொள்ளும் பழக்கமும் நமக்கு உண்டு. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980-இல் தோற்றார். பிறகு ஏழைகளுக்கு வீடு கட்டினார், ஆப்பிரிக்காவில் கினிப் புழு நோயை ஏறக்குறைய ஒழித்தார், 2002-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். நல்ல மனிதர் என்பதில் சந்தேகமில்லை, ஆனாலும் அதிபராக அவருக்கு வரலாற்றாசிரியர்கள் நடுத்தர மதிப்பெண்தான் போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் சாமிவேலு காலமானபோது அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடப் புகழ்ந்து எழுதினார்கள். இறந்தவரைப் பற்றிக் கடுமையாகப் பேசாதது நம் பண்பாடு. ஆனால் இரங்கல் செய்தியை வரலாறாக எடுத்துக்கொண்டால் அடுத்த தலைவரிடம் நாம் எதையும் கேட்க முடியாது.

அன்று ஒட்டுக்கடையில் நான் பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நாடாளுமன்ற இணையத்தளத்தில் அவை நடவடிக்கைக் குறிப்புகள், அதாவது ஹன்சார்ட், 1959 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன என்று மட்டும் சொன்னேன். இன்றைய உறுப்பினர் தோட்டத்து வீடுகளைப் பற்றி எத்தனை முறை எழுந்து பேசினார், என்ன கேட்டார் என்பதையும் அதிலேயே பார்க்கலாம். அவன் அங்கேயே தேட ஆரம்பித்தான். 1960-ஆம் ஆண்டின் பக்கம் ஒன்று திறந்தது. சிறிய ஆங்கில எழுத்து.

பெரியவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சம்பந்தன் ஐயா பேசினது இருக்கா பாரு. இருந்தா தமிழ்ல சொல்லு தம்பி, மெதுவா."